தள்ளுபடியைத் திருப்பிக் கொடுக்கும் சந்தை

வாசகர் கேள்வி – டோக்கியோவிலிருந்து பதில்

கேள்வி: என் மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்தவன், ஒரு சின்ன மூங்கில் வாரி கொண்டு வந்தான். அதன் மேல் குண்டுக் கன்னத்தோடு ஒரு பெண்முகம், தங்க நிறக் காசுகள், ஒரு சிவப்பு மீன், நெல்மூட்டை மாதிரி ஏதோ ஒன்று. "அதிர்ஷ்டம் வரும், சுவரில் மாட்டுங்கள்" என்கிறான். "குப்பை வாருகிற சாமானையா சுவரில் மாட்டுவது?" என்று என் மாமியார் மாட்ட விடவில்லை. இது என்ன பொருள்? வீட்டில் வைக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் டோக்கியோவில் இரியா பக்கத்தில் இருந்த சோபா (ஒரு வகை நூடுல்ஸ்) கடைதான் எனக்கு ஞாபகம் வந்தது. டோக்கியோ வந்த புதிதில் ஆறு வருடம் அந்த நூடுல்ஸ் கடையில் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் போய்க்கொண்டிருந்தேன். கல்லாவுக்கு மேலே, வாசலைப் பார்த்தபடி, நீங்கள் சொல்கிற அதே முகம் சிரித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் அதைப் பார்த்து நானும் உங்கள் மாமியார் கேட்டதைத்தான் கேட்டேன்.

அதன் பெயர் குமதே. குமா என்றால் கரடி, தே என்றால் கை. கரடிக்கை. உங்கள் மாமியார் சொன்னது சரிதான், அது சருகும் வைக்கோலும் வாரிக் குவிக்கிற சாமான்தான். இங்கே அதை யாரும் மறைப்பதில்லை. இன்றைய டோக்கியோவின் வடக்கு ஓரத்தில், அடாச்சி வட்டாரத்தில், ஹனமதா என்று முன்பு ஒரு கிராமம் இருந்தது. அறுவடை முடிந்ததும் அந்த ஊர் ஓதோரி கோயிலுக்கு உழவர்கள் சேவலைக் காணிக்கையாகக் கொண்டு வருவார்கள். அந்தச் சேவல்களை அறுப்பதில்லை. அசாகுசாவில் இருக்கும் சென்சோஜி கோயில் வளாகத்தில் கொண்டுபோய் உயிரோடு விட்டுவிடுவார்களாம். கூட்டம் கூடுகிற இடத்தில் சந்தை கூடும் அல்லவா? உழவுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன, அவற்றில் இந்த வாரியும் வந்தது. இலையை வாருகிற கை செல்வத்தையும் வாரட்டும் என்று அதில் மங்கலப் பொருள்களைக் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். பிறகு நகரத்துக்கு அருகில் அசாகுசாவின் ஓதோரி கோயில் சந்தை பெரிதாக வளர்ந்தது. இன்றைக்கு 'தோரி நோ இச்சி', அதாவது சேவல் சந்தை என்றாலே முதலில் அந்தக் கோயில்தான் எல்லோருக்கும் நினைவு வரும்.

கோயிலில் கேட்டால் இன்னொரு கதை சொல்வார்கள். யமாதோ தகேரு என்ற இளவரசர் கிழக்கு நாட்டுப் போரில் வென்று திரும்பும் வழியில், கோயில் முன்னால் நின்ற பைன் மரத்தில் ஒரு குமதேயை மாட்டிவிட்டு நன்றி செலுத்தினார், அது நவம்பர் மாதத்துச் சேவல் நாள் (நாள்களுக்கு விலங்குப் பெயர் வைக்கும் கணக்கில் வருவது) என்று. அந்தக் கோயில் பெயரை எழுதும் எழுத்துக்குக் கழுகு என்று பொருள். கழுகு தன் நகத்தால் இரையை விடாமல் பற்றுவது மாதிரி நல்லதைப் பற்றிக்கொள்ளும் கை என்றும் குமதேக்கு விளக்கம் உண்டு. உழவர் கதை, இளவரசர் கதை, கழுகுக் கதை மூன்றையும் இங்கே ஒன்றாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது உழவர் கதை.

அந்தப் பெண்முகம் ஒகமே. ஒதாஃபுகு என்றும் சொல்வார்கள், 'நிறையப் பாக்கியம்' என்று அர்த்தம். சப்பை மூக்கு, உப்பிய கன்னம், எப்போதும் சிரிப்பு. தங்கக் காசுகள் பழைய காலத்து கோபான் நாணயத்தின் காகித அச்சு. சிவப்பு மீனின் பெயர் தை, மங்கலம் என்பதற்கான சொல் மெதேதாய். சொல்லோடு சொல் ஒட்டுவதால் அந்த மீன் எல்லா நல்ல காரியத்திலும் இருக்கும். நெல்மூட்டை என்று நீங்கள் நினைத்தது சரி, அது வைக்கோலில் கட்டிய அரிசி மூட்டைதான்.

எங்கே மாட்டுவது? பூஜை அறை வேண்டாம், மாமியார் மனசும் நோக வேண்டாம். கூடத்தில், தலைக்கு மேல் உயரத்தில், வாசலைப் பார்த்தபடி மாட்டுங்கள். வாசல் வழியாக வருவதை வாரி உள்ளே இழுக்க வேண்டும் என்பதால் இங்கேயும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

கேள்வி: போன நவம்பரில் அந்தச் சந்தைக்குப் போயிருந்தேன். 5,000 யென் சொன்ன குமதேயைப் பேரம் பேசி 4,000க்கு வாங்கினேன். கடைக்காரர் சிரித்தபடியே கொடுத்தார். ஆனால் கூட வந்த ஜப்பானிய நண்பர், "மிச்சத்தை வாங்கியிருக்க வேண்டாமே" என்றார். பேரம் பேசியது தப்பா?
– வாசகர், டோக்கியோ

பேரம் பேசியது தப்பே இல்லை. ஜப்பானில் பொதுவாகக் கடைகளில் பேரம் கிடையாது, விலைச்சீட்டில் உள்ளதைக் கொடுத்துவிட்டு வருவோம். அப்படிப்பட்ட ஊரில் பேரம் பேசியே தீரவேண்டிய இடம் இது. சின்னக் குமதேக்கு விலை எழுதி வைத்திருப்பார்கள், அதற்கு வேண்டாம். பெரியதற்குப் பேசாமல் வாங்கினால் கடைக்காரருக்கே சப்பென்று இருக்கும்.

உங்கள் நண்பர் சொன்னதன் அர்த்தத்தை நான் கண்ணால் பார்த்தேன். சோபா கடையை நடத்தியவர் எழுபதைத் தாண்டிய அம்மா. கடைக்காரியம்மாவை இங்கே ஒகாமிசான் என்று கூப்பிடுவோம். முதல் வருடம் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். ராத்திரி கடையை மூடி, அடுப்பைத் துடைத்து, வெளியே வரும்போது மணி பதினொன்றரை. சந்தை நள்ளிரவு 12 மணிக்குப் பெரிய முரசு அடித்துத் தொடங்கும், மறுநாள் நள்ளிரவு வரை 24 மணி நேரம் நடக்கும். நாங்கள் போய்ச் சேரும்போது முரசு கேட்டது. தெரு முழுக்கக் காகித விளக்குகள். இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை குமதே, குமதே, குமதே. ஒவ்வொன்றிலும் அந்த ஒகமே முகம்.

ஒகாமிசான் எந்தக் கடையிலும் நிற்கவில்லை. நேராக ஒரு கடைக்குப் போனார். வருடா வருடம் அதே கடையில்தான் வாங்குவாராம், அவர் மாமனார் காலத்திலிருந்து. ஹப்பி மேல்சட்டை போட்ட கடைக்காரர் ஒன்றைக் கழியால் எடுத்து இறக்கினார்.

"இருபதாயிரம்."

"குறைத்துக் கொடுங்கள்."

"பதினெட்டு."

"இன்னும்."

கடைக்காரர் நெற்றியைச் சொறிந்தார். "பதினைந்து. இதற்கு மேல் முடியாது."

"சரி, வாங்கிவிட்டேன்!" என்றார் ஒகாமிசான். உடனே கடைக்காரர், "நான் தோற்றுவிட்டேன்!" என்று கத்தினார். இங்கே ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'வாங்கினேன்' என்பதும் 'ஜெயித்தேன்' என்பதும் காதில் ஒரே மாதிரி விழும், இரண்டும் 'கத்தா'. அதே போல 'விலை குறைத்தேன்' என்பதும் 'தோற்றேன்' என்பதும் 'மகெதா'. வாங்குகிறவர் ஜெயித்து, விற்கிறவர் தோற்று, இரண்டு பேருக்கும் சிரிப்பு.

அப்புறம் ஒகாமிசான் இரண்டு பத்தாயிரம் நோட்டை நீட்டினார். கடைக்காரர் மிச்சத்தை எடுக்கக் கையை விட்டபோது, "இருக்கட்டும், அது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஐயாயிரம் யென்! அது எனக்கு ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அவர் கையைப் பிடித்து, "ஒகாமிசான், மிச்சம் வாங்க மறந்துவிட்டீர்கள்" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, பேசாமல் இரு என்று கண் காட்டினார்.

பேரத்தில் குறைத்த பணத்தை அப்படியே அன்பளிப்பாகக் கடைக்காரருக்கே விட்டுவிடுவதுதான் பழைய ஆட்கள் வாங்கும் முறை. அதற்கு ஷூகி என்று பெயர். கல்யாண வீட்டில் கொடுக்கும் பணத்துக்கும் அதே பெயர்தான். ஷூகி கொடுத்ததும் கடையில் உள்ள எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நம் முன்னால் கூடினார்கள். "வியாபாரம் செழிக்க! குடும்பம் நலமாக இருக்க!" என்று உரக்கச் சொல்லி, 'யோ...' என்று ஒரு குரல் எடுத்துக் கைதட்டினார்கள். மூன்று, மூன்று, மூன்று, ஒன்று. இப்படி மூன்று தடவை. மூன்று மூன்றாக ஒன்பது. ஒன்பது என்ற ஜப்பானிய எழுத்தில் இன்னும் ஒரு புள்ளி வைத்தால் வட்டம் என்ற எழுத்து வரும். அந்தக் கடைசி ஒற்றைத் தட்டுதான் அந்தப் புள்ளி. எல்லாம் வட்டமாக, குறையில்லாமல் கூடிவந்தது என்று கணக்கு. பக்கத்துக் கடைக்கு வந்தவர்களும் நின்று சேர்ந்து தட்டினார்கள். என் கையும் தானாகத் தட்டியது.

திரும்பும் வழியில் கிரிசான்ஷோ வாங்கிக் கொடுத்தார். அரிசிமாவில் சர்க்கரையும் சான்ஷோ மிளகும் சேர்த்து, விரல் நீளத்துக்கு வெட்டிய மிட்டாய். சான்ஷோ மரத்தில் பூ, இலை, காய், பட்டை, கட்டை எதுவும் வீணாகாது, அதனால் இந்தச் சந்தைக்கு அதுவும் மங்கலம். மென்றுகொண்டே அந்த ஐயாயிரத்தைப் பற்றி மறுபடி கேட்டேன். "அவரும் கடைக்காரர், நானும் கடைக்காரி. வருஷத்துக்கு ஒரு ராத்திரி எனக்காக அவர் தோற்றார். அந்தப் பணத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வேன்?" என்றார்.

தம்பி, நீங்கள் 4,000 கொடுத்து வாங்கியதில் யாருக்கும் வருத்தம் இருக்காது, அந்தக் கடைக்காரருக்கும் இருக்காது. அடுத்த நவம்பரில் அதே கடைக்குப் போங்கள். 4,000 வரை பேசுங்கள், 5,000 நோட்டைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுப் பாருங்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே நிற்பது எப்படி என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நம் சரஸ்வதியை ஜப்பானியர் குமதேயில் வைத்துக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், திருச்சி

உண்மைதான். பெரிய குமதேயில் ஒரு குட்டிக் கப்பல் இருக்கும், புதையல் கப்பல். அதில் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள் உட்கார்ந்திருப்பார்கள். கையில் பீவா என்ற தந்தி வாத்தியத்தோடு இருக்கும் ஒரே பெண் தெய்வம் பென்சைதென். அவள் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்கு வந்தவள். அரிசி மூட்டை மேல் சுத்தியலோடு நிற்கும் தைகோகுதென் என்பவரின் மூலம் மகாகாளன். அந்த உக்கிரமான உருவம் இங்கே வந்து தொப்பையும் சிரிப்புமாகச் சமையலறைக்குக் காவலாகிவிட்டது. கவசம் போட்ட பிஷாமோன்தென் வைசிரவணன், நாம் குபேரன் என்போம். மற்றவர்களில் மூவர் சீனத்திலிருந்து வந்தவர்கள். தூண்டிலும் மீனுமாக இருக்கும் எபிசு ஒருவர்தான் ஜப்பானின் சொந்த தெய்வம்.

இதில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். அசாகுசாவில் ஓதோரி கோயிலை ஒட்டியே சோகோகுஜி என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. அங்கேயும் அதே நாளில் அதே சந்தை. 1868இல் மேஜி அரசு ஜப்பானின் சொந்த மதமான ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்கச் சொல்லி ஆணை போடும் வரை அந்த இரண்டு இடமும் ஒன்றாகத்தான் இருந்தன. கூட்டத்தில் நடப்பவர்கள் ஒன்றில் கும்பிட்டுவிட்டு மற்றதிலும் கும்பிடுகிறார்கள்.

கேள்வி: சந்தை எந்தத் தேதியில்? மூன்று சந்தை வரும் வருடம் தீவிபத்து அதிகம் என்கிறார்களே?
– வாசகி, யோகோஹாமா

ஒவ்வொரு நாளுக்கும் பன்னிரண்டு விலங்குகளில் ஒன்றின் பெயர் சுழற்சியில் வரும். நவம்பரில் வரும் சேவல் நாள்கள்தான் சந்தை நாள்கள். 12 நாளுக்கு ஒரு முறை என்பதால் சில வருடம் இரண்டு, சில வருடம் மூன்று. 2024இல் நவம்பர் 5, 17, 29 என மூன்று வந்தது. 2025இல் 12, 24 என இரண்டுதான். 2026இல் 7, 19. அசாகுசா கோயிலுக்கு ஹிபியா லைனில் இரியா நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். கூட்டம் பயமாக இருந்தால் ஷின்ஜுகுவில் ஹனசோனோ கோயிலுக்குப் போங்கள், ஆனால் அங்கேயும் கூட்டம்தான். பகலில் போனால் நடக்க இடம் கிடைக்கும்.

தீயைப் பற்றி: மூன்றாவது சேவல் நாள் மாதக் கடைசியில் விழும். அதற்குள் குளிரும் வறட்சியும் வந்துவிடும், நெருப்பு மூட்டுவதும் கூடும், அதனால் எச்சரிக்கை என்று ஒரு விளக்கம். அசாகுசா கோயிலுக்குப் பின்னால்தான் பழைய யோஷிவாரா என்ற விலைமாதர் வட்டாரம் இருந்தது, சந்தைக்கென்று சொல்லி அங்கே போகிற கணவர்களைத் தடுக்க மனைவிமார் கட்டிய பேச்சு என்று இன்னொன்று. எப்படியானாலும் மூன்று சந்தை வரும் வருடம் ஒகாமிசான் படுக்கப் போகுமுன் அடுப்பை இரண்டு தடவை பார்ப்பார். இன்றைக்கும் நானும் அப்படித்தான் செய்கிறேன்.

போகிறவர்கள் இரண்டை விட்டுவிடாதீர்கள். அசாகுசா ஓதோரி கோயில் முகப்பில் பெரிய ஒகமே முகம் ஒன்று இருக்கிறது, தொட்டுத் தடவுவதற்கே வைத்தது. நெற்றியைத் தடவினால் அறிவு, மூக்கைத் தடவினால் பணம், தாடையிலிருந்து கடிகாரச் சுற்றில் ஒரு வட்டம் தடவினால் எல்லாம் நல்லபடி முடியும் என்பார்கள். இன்னொன்று, கோயிலே தரும் காக்கொமே. நெற்கதிரும் கோயில் சீட்டும் கட்டிய சின்ன வாரி, சந்தை நாளில் மட்டும் கிடைக்கும். அதற்குப் பேரம் கிடையாது.

கேள்வி: ஒரு வருடம் ஆனதும் குமதேயை என்ன செய்வது? தூக்கிப்போட மனசு வரவில்லை. அடுத்த வருடம் இதைவிடப் பெரியது வாங்கவேண்டும் என்கிறார்களே, வாங்க முடியாவிட்டால் கெடுதலா?
– கும்பகோணம் வாசகியின் இரண்டாவது கடிதம்

கெடுதல் ஒன்றும் இல்லை அம்மா. முதலில் சின்னது, வியாபாரம் வளர வளரப் பெரியது என்பது வழக்கம். எல்லா வருடமும் வளருமா?

நான் வேலைக்குப் போன நான்காவது வருடம், கடைத் தெருவை மாதக்கணக்கில் தோண்டிப் போட்டுவிட்டார்கள். தகரத் தடுப்புக்குப் பின்னால் கடை இருப்பதே தெரியாது. மதியம் ஐந்து பேர், ஆறு பேர். நவம்பர் வந்தது. ஒகாமிசான் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். போனார். அதே கடை, அதே ஆள். "போன வருஷ அளவே போதும்" என்றார். கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. ஒன்றை எடுத்து இறக்கினார். பேரம் நடந்தது, இவர் ஜெயித்தார், அவர் தோற்றார். ஒகாமிசான் வழக்கம்போல் முழுப் பணத்தையும் நீட்டினார். எனக்கு அந்த வருடக் கணக்கு தெரியும், அதனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கைதட்டல் முடிந்ததும் கடைக்காரர், "ஒரு நிமிஷம்" என்று குமதேயைத் திரும்ப வாங்கினார். தன் கடையில் தொங்கிய கட்டிலிருந்து ஒரு நெற்கதிரை உருவி, ஒகமேயின் காதுப் பக்கம் செருகிக் கொடுத்தார். ஒகாமிசான் அவருக்கு மிகவும் தாழ்ந்து வணங்கினார். நான் பார்த்ததிலேயே நீண்ட வணக்கம் அது.

பழையதை என்ன செய்வது என்று கேட்டீர்கள். அதைக் குப்பையில் போடுவதில்லை. அடுத்த சந்தைக்கு எடுத்துப்போய், கோயிலில் பழைய குமதேக்கென்று இருக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுவார்கள். கோயிலார் பிறகு முறைப்படி அக்கினியில் சேர்ப்பார்கள். சந்தைக்குப் போகும் நாள் சாயங்காலம் ஏணி போட்டுக் கல்லா மேலிருந்து அதை இறக்குவது என் வேலை. ஒரு வருடத்துக் குழம்பு ஆவி பட்டு காகிதக் காசுகள் பழுப்பேறியிருக்கும். ஒகமேயின் இரண்டு கன்னத்திலும் சோபா மாவு வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒகாமிசான் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி கன்னம் இரண்டையும் துடைத்து, "இந்த வருஷம் ரொம்பச் சிரமப்பட்டாய்" என்று அதனிடம் சொல்வார். தெருவைத் தோண்டிய வருடமும் அதையேதான் சொன்னார். திருப்பிக் கொடுக்கப்போகிற பொருளை எதற்குத் துடைக்கவேண்டும் என்று அவரிடம் நான் கேட்டதில்லை.

உங்கள் மகன் அடுத்த நவம்பரில் டோக்கியோவில்தானே இருப்பான்? அவனிடம் கொடுத்தனுப்புங்கள், கோயிலில் சேர்த்துவிடுவான். எந்தக் கோயில் சந்தையில் வாங்கினானோ அங்கேயே சேர்ப்பது நல்லது. வாரியின் பல் மூங்கிலைச் சீவி வளைத்தது, பெட்டியில் அழுத்தினால் ஒடியும். மீனின் வாலும் அப்படித்தான். பழைய வேட்டித் துணியைச் சுற்றி, துணிமணிகளுக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள். அதற்கு முன்னால் முகத்தை மட்டும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.